நிலமும் பொழுதும் நடையும்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு காலை, நம் ஊர் மருத்துவர் ஒருவர் இரத்தப் பரிசோதனைத் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், தினம் முக்கால் மணி நேரம் நடங்க. மாத்திரையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அருகில் மனைவியும் அமர்ந்திருந்தார். அவருடைய தாளிலும் ஏறக்குறைய அதே எண்கள். அவருக்கும் அதே அறிவுரை. மூன்று மாதம் கழித்து மீண்டும் சென்றபோது நம் எண் இறங்கியிருந்தது, அவருடையது ஏறியிருந்தது. மருத்துவர் சிரித்துக்கொண்டே, "நீங்கதாம்மா கொஞ்சம் சோம்பல் படுறீங்க" என்றார். மனைவி அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் சொன்னார்: "நீங்க காலேஜ் கிரவுண்டுல நடக்குறீங்க. நான் எங்கங்க நடக்குறது?"

விடிவதற்கு முன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, இரவு பத்தரைக்குப் படுக்கும் ஒருவரைச் சோம்பேறி என்று சொல்லும் துணிவு மருத்துவத்துக்கு எங்கிருந்து வருகிறது என்று அன்றிரவு நாம் யோசித்தோம். மருத்துவர் நல்லவர், பழுதறத் தொழில் தெரிந்தவர். பிழை அவருடையதன்று. உடற்பயிற்சி என்பதை மனவுறுதியின் விளைவாக மட்டுமே பார்க்கப் பழகிய ஒரு காலத்தின் பிழை அது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்கிறோம். மார்க்கம் என்னும் சொல்லுக்கு வழி, பாதை என்றே பொருள் என்பதை மறந்துவிடுகிறோம்.

இலக்கணம் படித்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. தொல்காப்பியர் அகத்திணைக்குரிய பொருள்களை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். மாந்தரின் ஒழுக்கமாகிய உரிப்பொருளை அவர் தனியே நிறுத்தவில்லை. அதற்கு முன்னே முதற்பொருளை வைத்தார். முதற்பொருள் இரண்டு: நிலம், பொழுது. எங்கே, எப்போது என்பவற்றைச் சொன்ன பிறகே என்ன செய்தார்கள் என்ற பேச்சு. ஆண்டுதோறும் இதை வகுப்பில் நடத்துகிறோம். மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். ஆனால் வகுப்பறைக்கு வெளியே வந்ததும் நாமும் அவர்களும் உரிப்பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, "ஏன் நடக்கவில்லை?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறோம்.

பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் உள்ளன. பரிசில் பெற்று வருகிறவன், பெறாதவனுக்கு வழி சொல்வது அதன் அமைப்பு. அங்கே வழி என்பது வெறும் திசையன்று. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார், போகிற வழியில் விலங்குகளுக்காக வைத்த பொறிகள் எங்கே இருக்கும், எங்கே வழுக்கும், எங்கே பாம்புக்கு அஞ்ச வேண்டும், தினைப்புனம் காப்போர் எறியும் கல் எங்கே வந்து விழும் என்றெல்லாம் சொல்லித்தான் கூத்தரை அனுப்புகிறார். நம் மருத்துவர் சொன்னதும் ஒருவகை ஆற்றுப்படைதான். ஆறு மட்டும் அதில் இல்லை.

மருத்துவர் சொல்லாமல் விட்ட வழியை நாம் சொல்லிப் பார்க்கலாம். நம் வீடு இருப்பது தென்மாவட்டத்து நகரொன்றின் விரிவாக்கப் பகுதி. தெருவின் அகலம் இருபது அடி. அதில் இருபுறமும் வீட்டுக்காரர்கள் வாகனம் ஏற்றுவதற்காகப் போட்ட சரிவுகள் மூன்று மூன்று அடியைத் தின்றுவிட்டன. மிச்சத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய இடம் மழைக்கு உள்வாங்கியிருக்கிறது. முக்கில் டிரான்ஸ்பார்மர், அதன் அடியில் குப்பை, குப்பையைச் சுற்றி ஏழெட்டு நாய்கள். தெருவிளக்குகளில் ஒன்றுவிட்டு ஒன்று எரியும். பிரதான சாலைக்குப் போனால் நடைபாதை என்ற பெயரில் சாக்கடை மேல் பாவிய சிமெண்டுப் பலகைகள் உண்டு. அவற்றில் சில ஆடும், சில இல்லை. இருக்கிற இடத்தில் பிளக்ஸ் பலகையின் கால்கள். வண்டி வாங்க வசதியில்லாதவரும் வயதானவரும் சாலையின் ஓரத்தில், முதுகுக்குப் பின்னால் வரும் ஒலிப்பானை நம்பி நடக்கிறார்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்கிறது மத்திய அரசின் கணக்கு. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். இந்த எண்ணைத் தெரிந்துவைத்துக்கொண்டு நடக்காமல் இருப்பவரை நாம் சோம்பேறி என்போமா, முன்யோசனை உள்ளவர் என்போமா?

இவ்வளவும் ஆண்களுக்கும் உண்டு. பெண்களுக்கு இதன்மேல் இன்னொரு அடுக்கு இருக்கிறது. கழுத்தில் கிடப்பதை மறைத்துக்கொண்டு நடக்க வேண்டும். இருட்டில் போகக் கூடாது. வெளிச்சம் வந்தபின் வீட்டில் வேலை. தேநீர்க்கடை வாசலில் நிற்பவர்கள் பார்க்கிற பார்வை. "எங்க, இந்நேரம்?" என்று கேட்கும் அண்டை வீட்டு அக்கறை. பயனில்லாமல் ஒரு பெண் தெருவில் நடப்பதை நம் ஊர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கையில் ஒரு பையோ பூக்கூடையோ இருந்தாக வேண்டும். ஆகவே அவர்கள் மொட்டைமாடிக்கு ஏறுகிறார்கள். சுண்ணக்கட்டியால் எட்டு என்ற எண்ணைப் பெரிதாக வரைந்து, அதன் கோட்டின் மேலேயே வளைந்து வளைந்து நடக்கிறார்கள். எட்டு நடை நல்லது என்று பலரும் சொல்கிறார்கள், இருக்கலாம். நமக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றுவது வேறு. தண்ணீர்த்தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் இடையே, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும்படி ஓர் ஊர் தன் பெண்களுக்கு ஒதுக்கிய நிலம் அது. நம் மனைவியார் பத்து நாள் நடந்தார். பதினோராம் நாள் தலை சுற்றுகிறது என்று நிறுத்திவிட்டார். மருத்துவரின் குறிப்பேட்டில் அது சோம்பலாகப் பதிவாயிற்று.

2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 2022ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்றது. ஆண்களில் 42 விழுக்காடு; பெண்களில் 57 விழுக்காடு. இந்தப் பதினைந்து புள்ளி வேறுபாட்டை மனவுறுதியால் விளக்கப் புகுந்தால், இந்தியப் பெண்களுக்கு மனவுறுதி குறைவு என்று சொல்ல வேண்டி வரும். அவர்களோடு ஒரு நாள் வாழ்ந்தவர் எவரும் அதைச் சொல்ல மாட்டார்.

நிற்க. மக்கள் இயல்பிலேயே நடக்க விரும்பாதவர்கள் என்பாருக்குத் திருவண்ணாமலையைக் காட்ட விரும்புகிறோம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் இலட்சக்கணக்கானோர் அதை நடந்து முடிக்கிறார்கள், பலர் வெறுங்காலோடு. மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் மாமிகள், மூட்டுவலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள். பக்திதான் காரணம் என்பீர்கள். முதற்காரணம் அதுவே, மறுக்கவில்லை. ஆனால் அந்த இரவை நிலமும் பொழுதுமாகப் பிரித்துப் பாருங்கள். வண்டிகள் கட்டுப்படுத்தப்பட்ட அகலமான சாலை. வழிநெடுக விளக்கு. குடிக்கத் தண்ணீர். இளைப்பாற இடம். முன்னும் பின்னும் மனிதர்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு பெண் தனியே நடந்துபோனாலும் "எங்க, இந்நேரம்?" என்று எவரும் கேட்காத பொழுது. இவற்றையெல்லாம் கூட்டிவைத்தால் நம் மக்கள் முக்கால் மணி நேரம் அன்று, நான்கு மணி நேரம் நடக்கிறார்கள். மறுநாள் காலை ஊர் திரும்பியதும் அதே கால்கள் முக்குக்கடைக்குப் போக ஸ்கூட்டரைத் தேடுகின்றன. ஓர் இரவில் மனிதர் மாறவில்லை. அவர் காலுக்குக் கீழிருந்த நிலம் மாறியது.

சென்னையிலிருந்தே வேறொரு சான்றும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் அங்கு நீரிழிவு ஆய்வாளர்கள் இரு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு ஆராயத் தொடங்கினார்கள். ஒன்று திருமங்கலத்திலுள்ள நடுத்தர வருவாயினர் வாழும் ஏசியாட் காலனி. மற்றது தியாகராய நகரிலுள்ள குறைந்த வருவாயினர் குடியிருப்பு. ஆய்வு முடிவுகளையும் நடைப்பயிற்சியின் தேவையையும் கேட்டறிந்த ஏசியாட் காலனிக்காரர்கள், நடப்பதற்கு இடம் வேண்டுமே என்று தாங்களே முயன்று ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 விழுக்காட்டினர். பின்னர் எடுத்த கணக்கில் அது 58.7 ஆக இருந்தது. இது 2006இல் இந்திய மருத்துவ இதழொன்றில் வெளிவந்த செய்தி. விழிப்புணர்வுப் பேச்சும் அங்கே நடந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆயினும், பேச்சைக் கேட்டவர்கள் செய்த முதற்செயல் ஆளுக்கொரு உறுதிமொழி எடுத்ததன்று. கூடி ஓர் இடத்தை உண்டாக்கியது. நம் கருத்துக்கு இதுவே உயிர்நிலை.

இதே ஆய்வின் தொடர்ச்சி 2011இல் வந்தது. பத்தாண்டுகளில் நடுத்தர வருவாய்ப் பகுதியில் நீரிழிவு 12.4 விழுக்காட்டிலிருந்து 15.4 ஆக உயர்ந்திருந்தது. குறைந்த வருவாய்ப் பகுதியிலோ 6.5லிருந்து 15.3 ஆக, இரு மடங்குக்கும் மேலாக ஏறியிருந்தது. ஒரு காலத்தில் பணக்காரர் நோய் எனப்பட்டது, நெருக்கமான தெருக்களுக்குள் வந்து சமமாக உட்கார்ந்துவிட்டது. பூங்கா ஒன்றே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்று வாதிடுவது அறிவுடைமையன்று. உணவு மாறியது, தொழில் மாறியது, உடலுழைப்பு குறைந்தது. ஆனால் உடலுழைப்பை இழந்தவருக்கு அதற்கு ஈடாக நடக்கவோ ஓடவோ ஓரிடம் வேண்டும். அது ஒரு பகுதியினருக்குக் கூடி உண்டாக்கிக்கொள்ள முடிந்த பொருள். மற்றவர்க்கு நிலத்தின் விலையே எட்டாத பொருள்.

இங்கே கற்றறிந்த நண்பர்கள் ஒரு தடை எழுப்புவதுண்டு. நடக்கும் மனமுள்ளவர்கள்தாம் பூங்காவுள்ள பகுதியாகப் பார்த்துக் குடியேறுகிறார்கள். ஆகவே மனமே முன்னது, இடம் பின்னது என்பர். நியாயமான தடை. இதைச் சோதிக்க வேண்டுமானால் மக்களைக் குலுக்கல் முறையில் வேறு வேறு பகுதிகளில் குடியேற்றிப் பார்க்க வேண்டும். நடவாத காரியம் என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவில் அதற்கு நிகரான ஒன்று நடந்தது. 1994 முதல் 1998 வரை ஐந்து பெருநகரங்களில், அரசு அடுக்ககங்களில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களில் சிலவற்றைக் குலுக்கலில் தேர்ந்து, வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபெயர உதவிச்சீட்டு வழங்கினார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் கடந்தபின் அக்குடும்பத்துப் பெண்களைப் பரிசோதித்தபோது, அந்த வாய்ப்புப் பெற்றவர்களிடையே மிகைப் பருமனும் நீரிழிவும் பெறாதவர்களைவிட நூற்றுக்கு நான்கு பேர் அளவில் குறைந்திருந்தன. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 2011இல் இதை வெளியிட்டது. நடையா, உணவா, அச்சம் நீங்கிய உறக்கமா, எது செய்த வேலை இது என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் மனவுறுதியை யாரும் குலுக்கிப் போட்டுக் கொடுக்கவில்லை. குலுக்கிக் கொடுத்தது முகவரியை.

அரசுகளுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்போர்க்கும் மிதிவண்டியினர்க்குமான கொள்கை ஒன்றை ஏற்றது. 2019இல் பாண்டி பஜார் சாலையில் அகன்ற நடைவெளி திறக்கப்பட்டது. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வரையறுக்கப்பட்டது. தடையற்ற நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இவை யாவும் வரவேற்கத் தக்கவை. ஆனால் மாவட்டத்துக்கு ஒரு நடைபாதை என்பது, அங்கே போய்ச்சேர ஒரு வண்டி வைத்திருப்பவர்க்கே பயன்படும். நடப்பதற்காக ஐந்து கிலோமீட்டர் வண்டியில் போவது என்ற விசித்திரத்தை நம் தலைமுறை இயல்பாக ஏற்றுக்கொண்டது. வீட்டு வாசற்படியிலிருந்து தொடங்க முடியாத நடை, வாழ்க்கையோடு ஒட்டாது. அது விடுமுறை நாள் நிகழ்ச்சியாகவே நின்றுவிடும்.

அரசைக் குறை சொல்லிக் கட்டுரையை முடிப்பது எளிது. அப்படி முடிக்க இயலாதபடி ஒன்று நம்மைத் தடுக்கிறது. அதைச் சொல்லியாக வேண்டும்.

நாம் பணியாற்றும் கல்லூரிக்குப் பெரிய விளையாட்டுத்திடல் ஒன்று உண்டு. சுற்றிலும் வேம்பும் புங்கையும். ஒரு சுற்று நானூறு மீட்டர். ஆண்டாண்டு காலமாக அதிகாலையில் அதன் வாயில் திறந்தே இருந்தது. ஊரே அங்கே நடந்தது. ஓய்வுபெற்ற அஞ்சல்காரர், இட்லிக்கடை வைத்திருக்கும் அம்மாள், காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகும் இளைஞர்கள், பக்கவாதம் வந்த கையை மறுகையால் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கும் ஒரு பெரியவர். நம் தெருப் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து வருவார்கள்; அவர்களுள் நம் மனைவியும் ஒருவர். சேர்ந்து வந்தால் நாய்க்கும் பயமில்லை, நாவுக்கும் பயமில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன், தர மதிப்பீட்டுக் குழு வரவிருந்த நேரத்தில், ஆசிரியர் கூட்டம் ஒன்று கூட்டப்பட்டது. திடலில் எவரோ மதுப்புட்டி போட்டிருந்தார்கள்; ஒரு குழாய் திருடுபோயிருந்தது. வாயிலை மூடிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். எவரும் மறுக்கவில்லை. நாமும் மறுக்கவில்லை. பலகை எழுத வேண்டும், நல்ல தமிழில் இருக்கட்டும் என்று முதல்வர் நம் பக்கம் திரும்பினார். கூட்டம் முடிவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டோம். 'பணியாளர், மாணவர் தவிர வெளியார்க்கு அனுமதியில்லை.' ஒற்றுப்பிழையில்லாத வாசகம். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் இன்றும் இருக்கிறது. 'அந்நியர்' என்று போடாமல் 'வெளியார்' என்று போட்டதை ஒரு நண்பர் பாராட்டக்கூடச் செய்தார்.

அன்று முதல் நாம் உள்ளே நடக்கிறோம், மனைவி வெளியார். அவருடன் வந்த பெண்கள் கலைந்துபோனார்கள். ஒருவர் மாடியில் எட்டுப் போடுகிறார். இருவர் நிறுத்திவிட்டார்கள். அஞ்சல்காரர் சில நாள் பிரதான சாலையில் நடந்தார், இப்போது காண்பதில்லை. கை பிடித்து நடந்த பெரியவர் என்ன ஆனார் என்று விசாரிக்க நமக்கு மனம் துணியவில்லை. ஊரின் நூற்றைம்பது பேருடைய நிலத்தையும் பொழுதையும் பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்துக்கொண்டோம். பிறகு அவர்களில் ஒருவரை அருகில் உட்காரவைத்து, சோம்பல் என்று ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் இருந்தோம்.

கல்லூரிகள், பள்ளிகள், அரசு அலுவலகங்கள், கோயில்கள் ஆகியவற்றின் சுற்றுமதிலுக்குள் நம் நகரங்களின் திறந்தவெளி பெரும்பகுதி பூட்டப்பட்டுக் கிடக்கிறது. புதிதாக நிலம் வாங்க வேண்டாம். பூங்கா கட்ட வேண்டாம். ஒரு காவலர், இரண்டு விளக்கு, ஒரு குப்பைத்தொட்டி, குறித்த நேரம். மதுப்புட்டிக்கு இதுவே மருந்து. நூறு பேர் நடக்கும் இடத்தில் எவரும் உட்கார்ந்து குடிப்பதில்லை. வாயிலை மூடியபின்தான் நம் திடலின் மூலையில் புட்டிகள் கூடின என்பது காவலர் சொல்லித் தெரிந்தது.

சென்ற வாரம் முதல்வருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதினோம். காலை ஐந்து முதல் ஏழு மணி வரை திடலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும். பெயர்ப் பதிவேடு வைத்துக்கொள்ளலாம். பொறுப்பை நாமும் சில ஆசிரியர்களும் ஏற்கிறோம் என்று. அடுத்த மாதக் கூட்டத்தில் அது வருகிறது. முடிவு எப்படியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. பழைய பலகையின் வாசகம் நாம் எழுதியது என்பதை மனைவியிடம் அன்றுதான் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு விண்ணப்பத்தை வாங்கிப் படித்தார்.

"அஞ்சு மணிக்கு இருட்டு. ஆறு மணிக்கு எனக்கு அடுப்பு. இதுவும் உங்களுக்குத்தான் ஆகும்" என்றார். "சாயங்காலம் ஒரு மணி நேரம் சேத்து எழுதுங்க."

நிலத்தைக் கேட்டோம், பொழுதை மறந்துவிட்டோம். திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம்.